கவராயமும் ஸ்கேலும் போதும்: ஈரானியச் சுவர்களின் பத்து முனை நட்சத்திரக் கோலத்தை வரைவது எப்படி?

ஈரானின் பழைய மசூதிகளிலும் கல்லறைக் கோபுரங்களிலும் பத்து முனை நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சுவர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கிரிஹ் என்று அந்த வேலைப்பாட்டைச் சொல்வார்கள். அதில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு கோலத்தை இந்தப் பதிவில் வரையப்போகிறோம்.

இணையத்தில் இதற்கு விளக்கங்கள் ஏராளம். பெரும்பாலானவை ஒரு நட்சத்திரத்தை வரைந்து காட்டிவிட்டு "இப்படியே தொடருங்கள்" என்று கிளம்பிவிடுகின்றன. ஒரு நட்சத்திரம் யாருக்கும் வரும். இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே உட்காரும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த இடத்தில் நிறைய நேரம் நிற்கப்போகிறேன், மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுவேன். ஒரு கோட்டுத்துண்டை இருசமக் கூறிடவும் செங்குத்து வரையவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வேண்டியவை

ஏ3 தாள், கொஞ்சம் கெட்டியான அட்டை, 2எச் பென்சில், கறுப்பு ஜெல் பேனா, ரப்பர், ஸ்கேல், கவராயம். மற்றது எதுவானாலும் பரவாயில்லை, கவராயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளி ஜியோமெட்ரி பாக்ஸில் வருவது வட்டம் போடும்போதே கால் அகன்றுவிடும். நடுவில் திருகு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பாகைமானி வேண்டாம். 36 பாகையைப் பத்து முறை அளந்து குறிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அரைப் பாகை நழுவினாலும் கடைசிப் பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. கவராயத்தில் எல்லாமே விகிதம். ஆரத்தை மாற்றினால் அதே வரைமுறை சின்னக் கதவுக்கும் வரும், பெரிய சுவருக்கும் வரும். கட்டடக்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

குராசானில் 940இல் பிறந்து பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியல் வரைமுறைகளுக்காகவே ஒரு நூல் எழுதினார். கவராயத்தின் வாயை ஒரே அகலத்தில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வரைமுறைகளும் அதில் உண்டு. கைவினைஞர்களின் சில வழிகள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் கணக்குப்படி தவறு என்று எடுத்துக்காட்டியவர், ஏட்டோடு நின்றுவிடும் வடிவியல்காரர்களையும் விடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் இந்த இரண்டு தரப்பும் அப்படியேதான் இருக்கின்றன!

படி 1: வட்டத்தைப் பத்தாகப் பிரிப்பது

அட்டையில் 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். மையம் ம. நேர் மேலும் கீழுமாக ஒரு விட்டம் வரையுங்கள்: மேல் முனை அ, கீழ் முனை ஆ. அதற்குச் செங்குத்தாக இடம் வலமாக இன்னொரு விட்டம்: வலது முனை இ.

ம–இ கோட்டின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து உ என்று குறியுங்கள். கவராய முள்ளை உ-வில் வைத்து, பென்சில் அ-வைத் தொடும்படி திறந்து, இடதுபக்கமாக ஒரு வில். அது படுக்கை விட்டத்தை வெட்டும் இடம் எ.

ம–எ நீளம்தான் பத்துக்கோணத்தின் பக்கம். 5 செ.மீ. ஆரத்துக்கு ஏறத்தாழ 3.09 செ.மீ. வரும். ஸ்கேலில் வைத்துப் பார்த்து 3.2 என்று காட்டினால் மறுபடி வரையுங்கள், இழுத்துப் பிடித்துச் சமாளிக்க வேண்டாம். (அ–எ நீளம் அதே வட்டத்துக்குள் அடங்கும் ஐங்கோணத்தின் பக்கம். இன்றைக்குத் தேவையில்லை, சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

இப்போது கவராயத்தை ம–எ அளவுக்குத் திறந்து வட்டத்தின் மேல் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் 0.3 மி.மீ. பிசகினால்கூடச் சுற்றி வந்து சேரும்போது 3 மி.மீ. ஆகிவிடும். அ-விலிருந்து வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. அப்புறம் ஆ-விலிருந்தும் அதேபோல் இரண்டிரண்டு. அ, ஆ இரண்டும் ஏற்கெனவே பத்துப் புள்ளிகளில் சேர்ந்தவை என்பதால் கணக்குச் சரியாக வரும், பிசகும் ஓரிடத்தில் குவியாது. அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் பத்துக்கோணம்.

படி 2: அச்சு வெட்டுவது

பக்கங்களின் நடுப்புள்ளிகள் வேண்டும். ஐந்து பக்கங்களை இருசமக் கூறிட்டால் போதும், அந்தக் கோட்டை மையம் வழியாக நீட்டினால் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளி தானாகக் கிடைக்கும். பத்துக்கோணத்தை வெட்டி எடுத்து (இதுதான் நம் அச்சு), ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் மிகச் சிறியதாக ஒரு வெட்டுக்குறி போடுங்கள். கத்தரிக்கோல் ஓரத்தை வளைத்துவிடும். பிளேடும் இரும்பு ஸ்கேலும்தான் என் கட்சி.

படி 3: அடுத்தது எங்கே?

தாளைப் படுக்கைவசமாக வையுங்கள். அ முனை மேலே இருக்கும்படி அச்சை வைத்து, ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு. நடுப்புள்ளிகளையும் குறியுங்கள். வலப்பக்கம் ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும். அந்தப் பக்கத்தோடு ஒட்டி இரண்டாவது பத்துக்கோணம். இதுவரை குழப்பமில்லை.

மூன்றாவதை வைக்கும்போது கை தானாகவே ஒரு காரியம் செய்யும்: நடுவில் ஒன்று, சுற்றிலும் ஐந்து. பார்க்கவும் அருமையாக இருக்கும். ஆனால் வெளியில் உள்ள ஐந்தும் ஒன்றையொன்று தொடாது, நடுவே வரும் இடைவெளிகள் திறந்தே கிடக்கும், அந்தப் பூவைத் தாள் முழுக்க அப்படியே நகலெடுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஐந்து மடங்குச் சமச்சீரை வைத்துக்கொண்டு ஒரு தளத்தைத் திரும்பத் திரும்ப நிரப்ப முடியாது என்பது வடிவியலின் விதி, நம் கையின் குறையில்லை. சதுரத்தால் நிரப்பலாம், அறுகோணத்தால் நிரப்பலாம், ஐங்கோணத்துக்கு வழியில்லை.

ஈரானியக் கலைஞர்கள் இதிலிருந்து தப்பித்த விதம்தான் எனக்கு இந்தக் கலையிலேயே மிகவும் பிடித்தது. நட்சத்திரம் பத்து மடங்குச் சமச்சீரோடு இருக்கட்டும், நட்சத்திரங்களை அடுக்கும் வலை மட்டும் சாதாரணச் சாய்சதுரமாக இருக்கட்டும் என்று பிரித்துவிட்டார்கள். கண் நட்சத்திரத்தைத்தான் பார்க்கும், வலையைக் கவனிக்காது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் பத்துக்கோணத்தின் வலதுபுறச் செங்குத்துப் பக்கத்துக்கு 1 என்று எண் கொடுத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 10 வரை எண்ணுங்கள். அடுத்த பத்துக்கோணங்கள் ஒட்ட வேண்டிய பக்கங்கள் 1, 3, 6, 8. அதாவது ஒட்டு, ஒன்று விடு, ஒட்டு, இரண்டு விடு. மறுபடி ஒட்டு, ஒன்று விடு, ஒட்டு, இரண்டு விடு. நான் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் வரைகிறேன்.

எல்லாப் பத்துக்கோணங்களும் ஒரே திசையில்தான் நிற்கும், அச்சைத் திருப்பவே தேவையில்லை. வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை என்றால் ஏ3 தாளில் அடங்கும். ஒவ்வொரு வரிசையும் கீழே உள்ளதைவிட ஏறத்தாழ 2.9 செ.மீ. வலப்பக்கம் தள்ளி நிற்கும். தாள் ஓரம் இடித்தால் மூன்றாவது வரிசையை மட்டும் இடப்பக்கமாகத் தள்ளலாம், கோலம் கெடாது.

ஒன்பதும் முடிந்ததும் நான்கு பத்துக்கோணங்களுக்கு நடுவே ஒரே மாதிரியான இடைவெளி தெரியும்: இரண்டு முனையும் அகன்று இடை சிறுத்து, உடுக்கை போல. அதற்கு ஆறு பக்கம், எல்லாமே பத்துக்கோணத்தின் பக்க அளவு. இந்த உடுக்கை வந்துவிட்டால் நீங்கள் செய்தது சரி. வேறு எந்த வடிவம் வந்தாலும் எண்ணிக்கை எங்கோ தவறியிருக்கிறது.

படி 4: நட்சத்திரம்

ஒவ்வொரு பத்துக்கோணத்திலும் நடுப்புள்ளிகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்து, இந்த வரிசையில் இணையுங்கள்: 1–4–7–10–3–6–9–2–5–8–1. பென்சிலை எடுக்காமலே பத்துக் கோடும் முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். இந்தக் கோடுகள் பக்கத்தோடு 54 பாகைக் கோணத்தில் நிற்கும், அளக்க வேண்டியதில்லை. உள்ளே நிறையக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். வெளி உருவம் மட்டும்தான் நமக்கு வேண்டும்: முனை, பள்ளம், முனை, பள்ளம் என்று சுற்றி வரும் பத்து முனை நட்சத்திரம். ஷம்சே என்று சொல்வது இதைத்தான். உள்கோடுகளை அழித்துவிடுங்கள்.

படி 5: உடுக்கைக்குள் இரண்டு பட்டம்

உடுக்கையின் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற முனைப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து, அதை அடுத்த இரண்டு சாய்வுப் பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்கு நேர்கோடு. பிறகு அந்தச் சாய்வுப் பக்கங்களுக்கு வெளியிலிருந்து வரும் நட்சத்திரக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் இரண்டு கோடுகள் வந்து சேரும். அவற்றில் ஒன்று நீங்கள் இப்போது வரைந்த கோட்டோடு நேராகவே தொடரும். மற்றதை ஸ்கேல் வைத்து உடுக்கைக்குள் நீட்டுங்கள். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, இரண்டும் நடுவில் சந்திக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. மறுபாதியிலும் இதேதான். இரண்டு பட்டங்களின் மழுங்கிய மூலைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், இடைப்பகுதி காலியாக நிற்கும்.

படி 6: அச்சுக்கோட்டை அழிப்பது

நட்சத்திரத்தையும் பட்டங்களையும் பேனாவால் ஏற்றிவிட்டு, பத்துக்கோணம், உடுக்கை ஆகியவற்றின் விளிம்புகளை முழுவதுமாக அழியுங்கள். இவ்வளவு நேரம் நாம் பாடுபட்டதே அந்த விளிம்புகளுக்காகத்தான், முடிந்த சுவரிலோ அவற்றின் சுவடே இருக்காது. அதனால்தான் படத்தைப் பார்த்து நகலெடுக்க முயல்பவர்கள் திண்டாடுகிறார்கள்.

இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை நூலகத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய வரைபடச் சுருள் இருக்கிறது. 15 அல்லது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 114 கோலங்கள் கொண்டது. அதன் சில கோலங்களில் இறுதிக் கோடுகள் கறுப்பிலும், மறைய வேண்டிய விளிம்புகள் சிவப்புப் புள்ளிகளாகவும் இருக்கின்றன. பட்டறையின் உள்விவகாரம் அப்படியே தாளில் தங்கிவிட்டது!

2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பக்க அளவு ஒன்றேயான ஐந்து அச்சுகள் போதும் என்றார்கள்: பத்துக்கோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், நம்முடைய உடுக்கை. ஈரானின் மராகாவில் 1197இல் கட்டப்பட்ட கொன்பதே கபூத் கல்லறைக் கோபுரத்தின் கோலங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்தக் கோபுரமே பத்துப் பக்கம் கொண்டது. இஸ்ஃபஹானில் 1453இல் எழுந்த தர்பே இமாம் என்ற கல்லறைக் கட்டடத்தின் ஒரு முகப்பில் பெரிய அச்சுகளுக்குள்ளே அதே வடிவச் சின்ன அச்சுகள் அடங்கியிருக்கும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வராமலே தளத்தை முடிவில்லாமல் நிரப்பும் ஓடுகளை 1970களில் கண்டுபிடித்தவர் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ். இந்த முகப்பை வைத்து "பென்ரோஸுக்கு 500 ஆண்டு முன்பே" என்று தலைப்புச் செய்திகள் வந்தன. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஒரு முகப்பு எல்லைக்குட்பட்டது. முடிவில்லாமல் விரியும் விதியைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள் என்று அதிலிருந்து சொல்வது பெரிய தாவல்.

படி 7: பட்டை (விருப்பம் இருந்தால்)

கோட்டுக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. தள்ளி இணைகோடுகள் வரைந்து பட்டையாக்கலாம். பட்டைகள் வெட்டிக்கொள்வது பக்கங்களின் நடுப்புள்ளிகளில் மட்டுமே. ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றிக்கொண்டே போங்கள், எங்கும் முரண் வராது. வண்ணத்துக்கு என் தேர்வு: நட்சத்திரம் கருநீலம், பட்டங்கள் வெள்ளை, மீதி இடம் இளநீலப் பச்சை.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் வந்த சந்தேகங்களைப் பார்த்தபின் சேர்த்தது.

"மூன்று மூன்றாக எண்ணினேன், நட்சத்திரம் வரவில்லை, இரண்டு ஐங்கோணம் வந்தது" என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். தொடங்கும் புள்ளியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், 1-லிருந்து 3-க்குப் போய்விட்டது. 1-லிருந்து 5-க்குப் போனால் இரண்டு ஐமுனை நட்சத்திரங்கள் வரும். பத்துக் கோடு முடிவதற்குள் பென்சிலை எடுக்க வேண்டி வந்தால் எண்ணிக்கை தவறு.

பட்டம் கோணலாக வருகிறது என்றவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். ஒரு நட்சத்திரக் கோடு அச்சு விளிம்பைத் தாண்டிப் பக்கத்து அச்சுக்குள் போகும்போது துளியும் மடங்கக் கூடாது. மடங்கினால் நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறது. படி 5-இல் தேடாதீர்கள், அட்டையின் வெட்டுக்குறிகளைப் பாருங்கள்.

கணினியில் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஒழுங்குப் பலகோணக் கருவியால் ஒரு பத்துக்கோணம், பிறகு வெக்டர் வழி நகர்த்தல், அவ்வளவுதான். கையால் ஒரு முறை வரைந்த பிறகு போங்கள். ஏ4 தாளில்தான் வரைவேன் என்பவர்கள் ஆரத்தை 3.5 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள், அப்போது ம–எ 2.16 செ.மீ. வரும். பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த அளவில் பட்டங்களுக்குள் இடமிருக்காது.