‘ரீஇன்கிரிமேட்டட்’ டெமோ: கேட்பவரும் சேகரிப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெத் மெட்டல் எனப்படும் கனத்த, கொடூரமான மெட்டல் இசையை வாசிக்கும் அமெரிக்கக் குழு சஃபோகேஷன். அதன் தொடக்ககால டெமோவைப் பற்றி எழுதும்போது பெயரிலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. 1990இல் வந்த அந்தக் கேசட்டின் பெயர் ‘ரீஇன்கிரிமேட்டட்’. மறுபிறவி எடுத்ததைக் குறிக்கும் ‘ரீஇன்கார்னேட்டட்’ என்ற சொல்லின் நடுவே தகனம் செய்ததைக் குறிக்கும் ‘கிரிமேட்டட்’ நுழைந்திருப்பதாகவே இதைப் படிக்க வேண்டும். கணினியின் பிழைதிருத்தி இதை எழுத்துப்பிழை என்று எண்ணி வழக்கமான சொல்லாக மாற்றிவிடும். அதைக் கவனியாமல் கோப்புக்குப் பெயரிட்டுவிட்டால், பிறகு நம்முடைய சேகரிப்பிலேயே தேடினாலும் அது அகப்படாது.

அடுத்த குழப்பம், எது டெமோ, எது வெளியீடு என்பது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் சென்டரீச் என்ற ஊரிலிருந்து வந்த இக்குழு, டெமோவுக்கு அடுத்த ஆண்டே, 1991இல், இரண்டு பதிவுகளை வெளியிட்டது. ரிலாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹியூமன் வேஸ்ட்’ ஒரு குறும்பதிவு. ரோட்ரன்னர் நிறுவனத்தின் வழியாக வந்த ‘எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்’ முதல் முழு ஆல்பம். ‘ஹியூமன் வேஸ்ட்’டின் ஒலி கரடுமுரடாக இருப்பதாலும் நீளம் குறைவாக இருப்பதாலும் அதையும் டெமோ என்றே பலர் எழுதுகிறார்கள். ஒலியின் தரமோ பாடல்களின் எண்ணிக்கையோ ஒரு பதிவை டெமோவாக்குவதில்லை. ஒரு குழு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்காகத் தானே பதிவுசெய்து, தானே நகலெடுத்து, நிறுவனங்களுக்கும் சிறு இதழ்களுக்கும் கேசட் பரிமாற்ற நண்பர்களுக்கும் தபாலில் அனுப்பியதுதான் டெமோ. ஒரு நிறுவனம் பட்டியல் எண் கொடுத்துக் கடைக்கு அனுப்பிய பிறகு அது வேறு வகைப் பொருள்.

இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு குழுவும் காரணம் என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் பாடல்களை மீண்டும் மீண்டும் பதிவுசெய்வது இவர்களுடைய வழக்கம். டெமோவுக்குப் பெயர்தந்த ‘ரீஇன்கிரிமேஷன்’ பாடல் ‘எஃபிஜி’ ஆல்பத்தில் மறுபதிவாக வந்தது. ‘ஹியூமன் வேஸ்ட்’டில் இருந்த ‘சிந்தெடிக்கலி ரிவைவ்ட்’ 1995இன் ‘பியர்ஸ்ட் ஃப்ரம் வித்தின்’ ஆல்பத்திலும், ‘கேடடோனியா’ 1998இன் ‘டிஸ்பைஸ் தி சன்’ குறும்பதிவிலும் திரும்பி வந்தன. ஆகவே, கையில் கிடைத்த ஒரு ஒலிக்கோப்பைப் பாடலின் பெயரை மட்டும் வைத்து டெமோப் பதிவு என்று முடிவுகட்டக் கூடாது. ஆல்பத்துப் பதிவின் ஒலியைக் கொஞ்சம் மங்கலாக்கி டெமோ என்ற பெயரில் சுற்றவிடுவது ஒன்றும் கடினமான காரியமல்ல. இரண்டையும் அருகருகே வைத்து, பாடலின் பகுதிகளுக்கு இடையே வரும் டிரம்ஸ் நிரப்புகள் எந்த இடத்தில் எப்படி விழுகின்றன என்று ஒரு நிமிடம் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். மனிதர் அடிக்கும் டிரம்ஸ் இரண்டு பதிவுகளில் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை.

ஆல்பத்துக்கு உரிய பெருமையை டெமோவுக்கு ஏற்றிச் சொல்வது இன்னொரு தவறு. புளோரிடாவின் டாம்பா நகரத்து மாரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடம், தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ், அட்டை ஓவியர் டான் சீக்ரேவ் ஆகிய மூன்றும் ‘எஃபிஜி’யின் கதையைச் சேர்ந்தவை. அதேபோல், ஸ்லாம் எனப்படும் கனத்த மெதுநடைக்கு முன்னோடியாக ரசிகர்கள் வழக்கமாகச் சுட்டும் பகுதி ‘லீஜ் ஆஃப் இன்வெரசிட்டி’ என்ற பாடலில் இருக்கிறது. அதைக் கேட்க ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும். ‘புரூட்டல் டெத் மெட்டல்’ என்ற பெயர் ஒரு தனிப் பிரிவாக நிலைபெற்றதும் இந்தக் குழுவும் இதன் வழிவந்தவர்களும் செய்த வேலைக்குப் பிறகுதான். 1990இல் தபால் உறையைப் பிரித்தவருக்கு இது இன்னொரு டெத் மெட்டல் கேசட், ஆனால் வழக்கத்தைவிடக் கொடூரமானது. பிற்காலத்துப் பிரிவுகளின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு போய் இதில் தேடுபவர், இதில் உண்மையிலேயே இருக்கும் த்ராஷ் மெட்டல் என்ற முந்தைய வேகநடைப் பாணியின் சாயலைக் கேட்கத் தவறிவிடுவார்.

கலைஞர்களின் பெயர்களிலும் கவனம் வேண்டும். பாடகர் பிராங்க் மல்லனும் கிட்டார் கலைஞர் டெரன்ஸ் ஹாப்ஸும் நெடுங்காலம் சேர்ந்து இருந்ததால், மற்றவர்களும் அப்படியே இருந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தொடக்ககால ஒலிக்கு அடையாளமாக இருந்த டிரம்ஸ் கலைஞர் மைக் ஸ்மித், 1995இன் ஆல்பத்தில் இல்லை. அதில் வாசித்தவர் டக் போன். மல்லனும் பிற்காலத்தில் மேடையிலிருந்து விலகிவிட்டார். ஆண்டைப் பார்க்காமல் இன்றைய உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பழைய கேசட்டின் கீழ் ஒட்டுவது, தாத்தாவின் திருமணப் புகைப்படத்தில் பேரனைத் தேடுவதைப் போன்றது.

ஒலித்தரத்தை மதிப்பிடும்போது இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஒரு சாரார், ஒலி மோசம், ஆகவே இசையும் மோசம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், அந்த மங்கலும் இரைச்சலுமே கலை, குழு வேண்டுமென்றேதான் அப்படிப் பதிவுசெய்தது என்று வாதிடுகிறார்கள். முதல் சாராருக்குப் பதில் எளிது: டெமோவின் ‘ரீஇன்கிரிமேஷன்’ பாடலையும் அதன் ஆல்பத்து வடிவத்தையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டால் போதும். ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது பயனற்றது, ஏனென்றால் சத்தமாக ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாக நம் காது நம்பிவிடும். இரண்டாம் சாராருக்கு இக்குழுவின் வரலாறே பதில் சொல்கிறது. 1993இல் வந்த ‘பிரீடிங் தி ஸ்பான்’ என்ற இரண்டாம் ஆல்பத்தின் ஒலி சேறுபோல் கலங்கி அமைந்துவிட்டது. அதன் பாடல்களைக் குழு பிற்கால ஆல்பங்களில் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பதிவுசெய்தது. தலைப்புப் பாடல் 1995இல் வந்தது, ‘மேரிட்டல் டெசிமேஷன்’ 2009இன் ‘பிளட் ஓத்’ ஆல்பத்தில் வந்தது, இந்த வரிசை 2023 வரை நீண்டது. மங்கலான ஒலியை விரும்பியவர்கள் முப்பது ஆண்டுகள் அதைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது நானே செய்து சூடுபட்ட தவறு. நகலின் நகலாக வந்த ஒரு கேசட்டைக் கேட்டு, கிட்டார்களின் சுருதி இன்னது, டிரம்ஸின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று துல்லியமாக எழுதிவைத்தேன். பிறகு இன்னொரு நகல் கிடைத்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேசட் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது அளவு. வீட்டுக் கருவிகள் இதில் சற்று முன்னே பின்னே ஓடும்; ரப்பர் பெல்ட் தளர்ந்தால் இன்னும் விலகும். வேகம் 3 சதவீதம் கூடினால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி உயரும். 6 சதவீதம் கூடினால் கிட்டாரில் ஒரு ஃபிரெட், அதாவது விரல்பலகையின் ஒரு கட்டம், மேலே ஏறியதற்குச் சமம். நிமிடத்துக்கு 200 அடி என்பது 3 சதவீத விலகலில் 206 ஆகத் தெரியும். நகலெடுத்த ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்கு ஒரு விலகலைச் சேர்த்திருக்கும். ஆகவே நகலை வைத்துச் சுருதியையோ வேகத்தையோ அறுதியிட்டுச் சொல்லக் கூடாது.

ஓரளவு சரிபார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் மின்சாரத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். அங்கே பதிவான கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம், பாடல் தொடங்குவதற்கு முந்தைய மௌனத்தில் பெரும்பாலும் மெல்லியதாகப் பதிந்திருக்கும். கோப்பின் ஒலியை அதிர்வெண் வாரியாகப் படமாக, அலைமாலையாகக் காட்டும் மென்பொருளில் திறந்து அந்த மௌனத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 60க்கு அருகில் ஒரு மெல்லிய கோடு கிடைமட்டமாக ஓடும். அது 61.8இல் நின்றால் நம்முடைய நகல் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். அதே இடத்தில் 50க்கு அருகில் இன்னொரு கோடு தெரிந்தால் பதற வேண்டியதில்லை. ஐரோப்பாவில் யாரோ நகலெடுத்த தடயமாக இருக்கலாம், அல்லது நம் வீட்டு மின்சாரமே உள்ளே நுழைந்திருக்கலாம். கேசட் கடந்துவந்த வழியை இந்தக் கோடுகளில் படிப்பது, சொல்லப்போனால், சில நாட்களில் இசையைக் கேட்பதைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.

கணினிக்கு மாற்றும்போது நடக்கும் சேதங்களையும் சொல்லிவிட வேண்டும். கேசட் கருவியின் ஒலித்தலை துளி கோணினாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். கருவியின் சிறு திருகைத் திருப்பி, சிம்பல்கள் மிகத் தெளிவாக ஒலிக்கும் நிலையில் நிறுத்திய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். கேசட்டின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறை இல்லாமல் பதிவான கேசட்டை டால்பி பொத்தானை அழுத்தி ஓட்டினால் ஒலி போர்வைக்குள் இருப்பதுபோல் அடங்கிப்போகும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏனெனில் இந்த வகை இசையில் சிம்பல்களும் கிட்டாரின் சிதைவொலியும் மென்பொருளின் கண்ணுக்கு இரைச்சலாகவே தெரியும்; அது இரண்டையும் சேர்த்துச் சுரண்டி எடுத்துவிட்டு, நீருக்கடியில் கேட்பதுபோன்ற குமிழி ஒலியை மிச்சம் வைக்கும். எந்தத் திருத்தமும் செய்யாத மூலக்கோப்பு ஒன்றை இழப்பில்லாத வடிவத்தில் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில்தான் கைவைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், கேசட்டின் முதுகில் இரு முனைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவல்களைப் பாருங்கள். அவை ஒடிக்கப்படாமல் இருந்தால், கருவியில் விரல் தவறிச் சிவப்புப் பொத்தானில் பட்ட அந்த நொடியே 1990இன் ஒலி அழியத் தொடங்கும். ஒரு சிறு திருப்புளியால் நெம்பினால் இரண்டும் ஒடிந்து விழும்.