சவுக்குத் தோப்பில் டிஸ்க் கோல்ஃப்: முதன்முறை ஆடுபவர்களுக்கு

ஒவ்வொரு இலக்கையும் ஹோல் என்கிறோமே தவிர, டிஸ்க் கோல்ஃபில் குழி கிடையாது. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைதான் இலக்கு. ஃபிரிஸ்பீ போன்ற வட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, கூடையில் சேர்க்க வேண்டும். எத்தனை எறிதலில் சேர்த்தோம் என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவருக்கு வெற்றி.

கூடைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்தின் முன்னோடி எட் ஹெட்ரிக் அமைத்த திடலில்கூட, தொடக்கத்தில் இலக்கு வெறும் கம்பம்தான். நமக்குப் பனை இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் அரியமான், உச்சிப்புளிப் பக்கம் மணலும் மரமும் கலந்து கிடக்கும் இடம் எதுவானாலும் சரி. தோப்பு யாருடையது என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். வலை காயும் இடம், கருவாடு காயும் இடம், ஆள் நடக்கும் தடம் மூன்றையும் விட்டு விலகியே திடல் அமைக்க வேண்டும்.

1. வட்டு

ஒரே ஒரு பட்டர் (கிட்ட எறிவதற்கான, வேகம் குறைந்த வட்டு) போதும். கடையில் வட்டின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, திரும்பல், கடைசிச் சாய்வு. வேகம் 2 அல்லது 3 உள்ளதை எடுங்கள் (அவியார் என்ற பழைய பட்டருக்கு 2, 3, 0, 1). வேகம் 12 என்று எழுதிய டிரைவர் வட்டுதான் தூரம் போகும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அந்த வேகத்துக்குக் கை பழகாதவர் எறிந்தால், அது சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடும். கோல்ஃப் வட்டு கிடைக்காவிட்டால் 175 கிராம் அல்டிமேட் ஃபிரிஸ்பீயிலேயே தொடங்கலாம்.

கூடவே ஒரு துண்டு, தண்ணீர், செருப்புக்குப் பதில் ஷூ. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

2. திடல்

இலக்கு மரத்தில் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் ஒரு கயிறு, 140 செ.மீ. உயரத்தில் இன்னொரு கயிறு கட்டுங்கள். ஆணி வேண்டாம். இரண்டு கயிறுகளுக்கு நடுவே வட்டு பட்டால் அந்த ஹோல் முடிந்தது. பனைதான் இதற்கு ஏற்றது. சவுக்கு ஒல்லி, கிட்ட நின்று எறிந்தாலும் தப்பும்; அதை இடையில் நிற்கும் தடையாக வைத்துக்கொள்ளலாம்.

எறியும் கோட்டிலிருந்து மரத்துக்கு 40 முதல் 60 மீட்டர். பெரிய திடல்களில் 100 மீட்டருக்கும் வைப்பார்கள்; புதியவருக்கு அது வெறும் நடை. ஒன்பது ஹோல் போதும், எல்லாவற்றுக்கும் பார் 3, அதாவது மூன்று எறிதலில் முடிப்பது கணக்கு. அலை தொடும் ஈரமணல் எல்லைக்கு வெளியே என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

3. எறிதல்

வலக்கைக்காரருக்குச் சொல்கிறோம்; இடக்கைக்காரர் திசையை மாற்றிக்கொள்ளவும். வலது தோள் இலக்கைப் பார்க்கட்டும். நான்கு விரல்கள் விளிம்புக்கு அடியில், பெருவிரல் மேலே அழுத்தி. வட்டை நெஞ்சுக்குக் குறுக்கே நேர்கோட்டில் இழுத்து விடுங்கள்.

வீடியோக்களில் ஓடிவந்து எறிவார்கள். மணலில் அது ஆகாது. முன்கால் புதைந்துகொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் திருகிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே எறியுங்கள். விட்ட பிறகு முன் குதிகாலில் சுழன்றுவிட்டால் முட்டிக்கு நல்லது.

வட்டு பட்டம் போல மேலே ஏறி, பொத்தென்று பின்னால் விழுகிறதா? முன்விளிம்பு தூக்கியிருக்கிறது. பெருவிரலை இன்னும் அழுத்தி, நெஞ்சுயரத்தைத் தாண்டாமல் விடுங்கள்.

4. காற்று

இந்தக் கரையில் பாதி ஆட்டம் இதிலேயே போகும். ஒவ்வொரு எறிதலுக்கும் முன் ஒரு பிடி காய்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.

எதிர்க்காற்றில் வட்டு ஏறும், வலப்பக்கம் கவிழும். பலமாக எறிந்தால் இன்னும் மோசம். வெளிவிளிம்பை (கைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதை) சற்றே தாழ்த்தி, நிதானமாக எறிந்தால் அடங்கும். பின்காற்றில் நேர்மாறு: மிதக்காமல் சீக்கிரம் விழும், ஆகவே கொஞ்சம் உயர்த்தி விடுங்கள். வலமிருந்து வரும் காற்று, இடப்பக்கம் சாயும் வட்டின் அடிவயிற்றில் புகுந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் இலக்குக்கு வலப்பக்கமாகக் குறிவையுங்கள்.

ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றில் திறந்த வெளி வேண்டாம், தோப்புக்குள் ஆடுங்கள். எந்த மாதமானாலும் கடற்காற்று எழும்புமுன், காலை எட்டு மணிக்குள் முடிப்பது நல்லது.

5. அடுத்த எறிதல்

இலக்கிலிருந்து யார் தூரமோ அவர் முதலில் எறிவார். வட்டு விழுந்த இடத்தில், இலக்கைப் பார்த்த பக்கம் அதை ஒட்டி ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு வட்டை எடுத்து, சிரட்டைக்கு நேர் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள இடத்துக்குள் ஒரு காலை ஊன்ற வேண்டும். இன்னொரு கால் எங்கும் இருக்கலாம், சிரட்டையை விட இலக்குக்கு அருகில் மட்டும் போகக்கூடாது.

10 மீட்டருக்குள் வந்துவிட்டால் விதி இறுகும்: எறிந்த வேகத்தில் சிரட்டையைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது, நிலையாக நின்று காட்ட வேண்டும். புதியவர்கள் தெரியாமலே மீறுவது இதைத்தான்.

6. கணக்கு

முதல் எறிதல் ஈரமணலில் விழுந்தது என்று வையுங்கள். எறிதல் 1, தண்டம் 1, ஆக 2. எல்லையைத் தாண்டிய இடத்துக்கு வந்து, ஒரு மீட்டர் உள்ளே தள்ளி எறிந்தால் அது மூன்றாவது. அடுத்தது மரத்தில் பட்டால் 4. பாரைவிட ஒன்று கூடுதல்.

வட்டு காணாமல் போனால் மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் ஒரு தண்டம், முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி. கோல்ஃப் வட்டுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் மூழ்கும், ஈரமணலில் விளிம்பால் உருண்டு கடலுக்கே ஓடும். அதனால் வெளிர்நீலம் வாங்காதீர்கள், ஆரஞ்சு வாங்குங்கள். முள்ளுக்குள் போனதைக் கையால் துழாவாமல், நீளக் கம்பால் இழுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். உப்பும் மணலும் ஒட்டிக் காய்ந்த விளிம்பு அடுத்த முறை விரலைத் தேய்த்துவிடும்.