கொழும்பிலிருந்து தொல்நகரங்களுக்கு: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

வெள்ளி நள்ளிரவில் வெள்ளவத்தையில் வேன் ஏறி, சனி காலை அநுராதபுரம், பின்னேரம் மிகிந்தலை, ஞாயிறு விடிய சிகிரியா, பகல் தம்புள்ளை, மாலை பொலன்னறுவை, இரவு வீடு. குடும்பங்களும் அலுவலக நண்பர்களும் போடுகிற திட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. தாளில் எல்லாம் பொருந்தும். ஆனால் அந்தக் கணக்கில் கிலோமீற்றர் மட்டுமே இருக்கிறது; வெயில் இல்லை, வெறுங்கால் இல்லை.

இந்த இடங்கள் எல்லாம் வறண்ட வலயத்தில் உள்ளவை. விகாரை முற்றம், தூபி மேடை, சிலை இருக்கும் இடம் எதற்குள் போனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். காலை பத்தரைக்குப் பிறகு கல்லும் மணலும் கொதிக்கத் தொடங்கும். அநுராதபுரத்துப் பெருந்தூபியான ருவன்வெலிசாயவின் மேடை முழுவதும் கல் பதித்தது. பகல் ஒரு மணிக்கு அதில் இறங்கினால் பிள்ளைகள் நிழல் தேடி ஓடுவார்கள், வயதானவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள், வழிகாட்டி சொல்வது ஒருவர் காதிலும் விழாது. ஆகவே ஒரு நாளில் உண்மையில் பார்க்கக் கிடைப்பது காலை ஆறரை முதல் பத்தரை வரையும், மாலை மூன்றரை முதல் ஆறரை வரையும்தான். மொத்தம் ஏழு மணி நேரம். சிகிரியாப் பாறையில் ஏறி இறங்கவே மூன்று மணி நேரம் போய்விடும். அநுராதபுரத்தின் அபயகிரி விகாரை வளாகத்துக்கு இரண்டு மணி நேரம் போதாது. பொலன்னறுவைக்கு அரை நாள் வேண்டும். இனி உங்கள் பட்டியலைப் பாருங்கள்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அநுராதபுரமும் மிகிந்தலையும், அல்லது சிகிரியாவும் பொலன்னறுவையும். இரண்டையும் சேர்க்க வேண்டாம். மூன்று நாள் கிடைத்தால் இப்படிப் போகலாம்: முதல் நாள் அதிகாலை நான்கரைக்குக் கொழும்பை விட்டு, குருநாகல் வழியாகப் பத்து மணியளவில் அநுராதபுரம் சேர்ந்து, பகல் முழுவதும் அறையில் ஓய்வு. மாலை ஸ்ரீ மகாபோதி அரசமரம், பொழுதுபடும் நேரம் ருவன்வெலிசாய. இரண்டாம் நாள் விடிய அபயகிரியும் ஜேதவனாராமயத் தூபியும். மாலை 13 கிலோமீற்றர் தள்ளி மிகிந்தலை. இரவு அநுராதபுரத்திலேயே தங்கல். மூன்றாம் நாள் இருட்டு விலகியதும் புறப்பட்டு, ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் தம்புள்ளை. வீதியில் இருந்து மேலே ஏறிக் குகை விகாரைகள் ஐந்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். பொலன்னறுவையை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். அது காத்திருக்கும்.

நாள் தேர்வில் வரும் பிழை வேறு. போயா (பௌர்ணமி) தினம் விடுமுறை, ஆகவே வசதி என்று பலர் அன்றே புறப்படுகிறார்கள். ஆனி மாதப் பொசன் போயாவில் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் வருகையை நினைவுகூர இலட்சக்கணக்கானோர் மிகிந்தலையிலும் அநுராதபுரத்திலும் திரள்வார்கள். பக்தியோடு அந்தக் கூட்டத்தில் கலக்க விரும்பினால் அதைப்போல ஒரு நாள் வேறில்லை. கல்லையும் சிற்பத்தையும் நின்று பார்க்க விரும்பினால் அன்று வாகனம் நிறுத்தவே இடம் கிடைக்காது. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை. அதற்கு மாற்றாகப் பெப்ரவரி, மார்ச் மாதங்களைப் பாருங்கள்.

வழிகாட்டி விடயத்தில்தான் அதிகம் இழக்கிறோம். வேன் சாரதிக்கு வழி தெரியும். அது வழிகாட்டுவது ஆகாது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் வழங்கிய வழிகாட்டிகள் கழுத்தில் அடையாள அட்டை போட்டிருப்பார்கள். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தமிழில் விளக்கக்கூடியவர் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், வாசலில் போய்த் தேடினால் கிடைப்பது அரிது. பேசும்போது நான்கைத் தெளிவாக்குங்கள்: எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், கட்டணம் குழுவுக்கா ஆளுக்கா, இடையில் கடைகளில் நிறுத்துவதா. கடைசியானது முக்கியம். வாசனைத் திரவியத் தோட்டம், மாணிக்கக் கடை என்று இரண்டு நிறுத்தம் வந்தால் காலை வேளை முழுவதும் கைவிட்டுப் போய்விடும். வேனுக்கும் அப்படியே: நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் வரை வாடகைக்குள் அடங்கும், சாரதியின் தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல வழிகாட்டி என்ன செய்வார் என்பதற்கு ஒரு சந்திரவட்டக்கல் போதும். அபயகிரியில் மகாசேனன் மாளிகை என்று வழங்கப்படும் இடத்தில், படிக்கட்டின் அடியில் அரைவட்டமாக ஒரு கல் கிடக்கிறது. பெயர் மாளிகையானாலும் அது பிக்குகள் வாழ்ந்த கட்டடம். கல்லின் விளிம்பில் தீச்சுவாலை, அதற்கு உள்ளே யானை, குதிரை, சிங்கம், எருது ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசை, பிறகு கொடி, பிறகு அலகில் மலர் கவ்விய அன்னங்கள், நடுவில் தாமரை. பிறப்பிலும் சாவிலும் சுழலும் வாழ்வைக் கடந்து தாமரையை அடைவது என்று தொல்லியல் அறிஞர் பேராசிரியர் பரணவிதான இதற்குப் பொருள் சொன்னார். இதைப் பார்த்துவிட்டுப் பொலன்னறுவைக்குப் போனால், அங்குள்ள சந்திரவட்டக்கற்களில் எருதைக் காணவில்லை. சைவருக்கு நந்தி புனிதமானது, அதை மிதிபடும் கல்லில் வைப்பது தகாது என்று கருதியதால் விட்டிருக்கலாம் என்பது பரவலான விளக்கம். இதற்குப் பத்து நிமிடம் செலவழிக்காத குழு, வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடும்.

உடையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். கையில்லாச் சட்டையோடு வந்தவருக்கு ஒரு சால்வை வேனில் இருக்கட்டும். தொப்பியும் கழற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூட்டுக்குத் தடித்த வெள்ளைச் சொக்ஸ் ஆளுக்கு இரண்டு சோடி கொண்டுபோங்கள். புத்தர் உருவம் போட்ட ரீசேர்ட், அதே உருவத்தில் குத்திய பச்சை இரண்டும் உண்மையிலேயே சிக்கலில் முடியும், பச்சையை மூடிக்கொள்ளுங்கள். சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. சிலையை நோக்கி நின்று எடுக்கும் படத்துக்குத் தடை இல்லை. பூ கொண்டுபோனால் நம் கோயிலில் போலவே முகராமல் வையுங்கள், தூபியை வலமாகச் சுற்றுங்கள்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ உறவினர் வந்திருந்தால் செலவுக் கணக்கு மாறிவிடும். வெளிநாட்டவருக்கான கட்டணம் தலைக்கு டொலர் கணக்கில் வரும். ஒரு டிக்கட்டில் எல்லா இடமும் அடங்காது. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மிகிந்தலையும் தம்புள்ளையும் அவற்றில் சேராது. சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, ஆனால் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தேசிய அடையாள அட்டையை மறக்கக் கூடாது. தம்புள்ளையில் டிக்கட் எடுக்கும் இடத்தைக் கீழேயே கேட்டு அறிந்துகொண்டு ஏறுங்கள், மேலே போய்த் திரும்பி இறங்குவதைப் போல அலுப்பு வேறில்லை.

இரண்டு நாள் பயணத்தில் சிகிரியாவைத் தேர்ந்தவர்கள் திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். ஏறும் பாதையின் முதற்பகுதி மேற்குப் பக்கத்தில் போவதால் காலையில் நிழல் இருக்கும்; பின்னேரம் அதே சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கும். சுமார் 1,200 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் சிங்கப் பாதங்களோடு திரும்பினாலும் குறை இல்லை, ஓவியங்களும், பழைய எழுத்துகள் கீறிய பளபளப்பான கண்ணாடிச் சுவரும் அதற்குக் கீழேதான். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். ஓவியங்களைப் படம் எடுக்கத் தடை. கண்ணாடிச் சுவரில் கை வைக்க வேண்டாம்: பெயர் கீறியதற்குச் சிறைத் தண்டனை விதித்த வழக்கு 2015இல் நடந்தது. எல்லோரும் குளவி என்று சொன்னாலும் பாறையில் அடை கட்டியிருப்பவை பெரிய மலைத்தேனீக்கள். சத்தம் போட்டாலோ கல் எறிந்தாலோ கிளம்பிவிடும். கிளம்பினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள்.

ஹபரணை – பொலன்னறுவை வீதியில் மின்னேரியாப் பக்கம் பொழுதுபட்ட பிறகு யானைகள் குறுக்கே வரும். இரவு ஓட்டத்தைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள்.

தமிழ் வாசகர்கள் கடந்துபோய்விடும் சில இடங்களையும் சொல்ல வேண்டும். 993இல் சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றிப் பொலன்னறுவையைத் தலைநகராக்கினார்கள், ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். முழுவதும் கல்லால் எழுந்த இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் அக்காலத்தது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிறிது தூரத்தில், தளதா மளுவை என்ற புனித முற்றத்தில், அட்டதாகே என்ற கட்டடத்தருகே, வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் புத்தரின் தந்த தாது ஆலயத்தைக் காப்போம் என்று தமிழில் பொறித்த கல் நிற்கிறது. பௌத்தத்தின் மிகப் புனிதமான பொருளுக்குத் தமிழ்ப் படை காவல் நின்றதைச் சொல்லும் கல் அது. அநுராதபுரத்தில் அபயகிரிக்கு அண்மையில் தமிழ்க் குடும்பத்தவர் கட்டிய மேடையைக் குறிக்கும் பிராமி எழுத்தும் பாறையில் உண்டு. கேட்காவிட்டால் இவற்றை வழிகாட்டி தாண்டிப் போய்விடுவார். முதலிலேயே பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசித் தவறு, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தைப் பயணம் முடிந்த பிறகு பார்ப்பது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசர் முதலான செப்புத் திருமேனிகளும், பொலன்னறுவை மன்னன் நிசங்கமல்லனின் சிங்காசனச் சிங்கமும் அங்கேதான் இருக்கின்றன. புறப்படுவதற்கு முந்திய வாரம் ஒரு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். பொலன்னறுவையில் வெறுமையாக நிற்கும் கருவறைக்கு முன்னால் போய் நிற்கும்போது, அத்தகைய இடத்தில் என்ன எழுந்தருளியிருந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.