கூடத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டி: ராஸ்பெர்ரி பையில் நெட்வொர்க் மியூசிக் பிளேயர்

அப்பாவிடம் நாற்பத்துச் சொச்சம் கேசட்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கின்போது அவரே டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பதிவு செய்தவை. சாமி புறப்பாட்டில் நாயனத்தில் வாசிக்கும் மல்லாரி, அதன் பின்னே மெல்ல விரியும் ராகம், நடுவில் யாரோ குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், வெடிச் சத்தம் எல்லாம் அதில் உண்டு. டேப்புகள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டேன். முதலில் போனில் போட்டு புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டோம். ராகம் நன்றாக ஊறிவரும் நேரத்தில் யாராவது போன் செய்வார்கள், பாட்டு நின்றுவிடும். அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதைப் பார்த்த பிறகுதான் போனை நம்பாமல் தானே பாடும் ஒரு பெட்டியைக் கூடத்திலேயே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போன் வெறும் ரிமோட்டாக இருந்தால் போதும்.

எட்டு மாதமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதே போல் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

ராஸ்பெர்ரி பை 3பி என்ற கையடக்கக் கணினிப் போர்டு போதும். பழையது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு இதற்கு மேல் சக்தி தேவையில்லை. அதே இனத்து ஜீரோ 2 டபிள்யூவும் செய்யும், ஆனால் அதில் நெட்வொர்க் கேபிள் சொருகும் லேன் போர்ட் கிடையாது. பை 5 இந்த வேலைக்கு வீண் செலவு.

பை 3பியில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்த ஓட்டைக்குப் பின்னால், டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் முறையான டாக் சிப் இல்லை. வேகமாக அணைந்து எரியும் துடிப்புகளை வடிகட்டித்தான் ஒலியாக்குகிறார்கள். தவில் அதிரும்போது தெரியாது. சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் நிற்கும் இடத்தில் அடியில் ஒரு இரைச்சல் கேட்கும். அதனால் பிசிஎம்5102 என்ற டாக் மாட்யூல் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். இது தருவது லைன் அவுட் மட்டும், நேராக ஸ்பீக்கரை ஓட்டாது. ஆக்ஸ் உள்ளீடு உள்ள ஆம்பிளிஃபயர் வீட்டில் இருக்க வேண்டும்.

அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். 5 வோல்ட், 2.5 ஆம்பியர், நல்ல தடிமனான கேபிள். போன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். பையில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு அணைந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது என்று அர்த்தம். பாட்டு திக்குவதற்குப் பாதி காரணம் இதுதான்.

மென்பொருள்

இதற்கென்றே செய்த இரண்டு மென்பொருள்கள் பிரபலம்: வோலுமியோ, மூட் ஆடியோ. இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்பிடி என்ற ஒரே இசை சர்வர்தான். நான் மூட் பக்கம். வோலுமியோ பார்க்க அழகு, ஆனால் பிளகின் போட வேண்டும் என்றால் கணக்குத் தொடங்கச் சொல்லும். நம் வீட்டுக் கூடத்தில் நம் கேசட்டைக் கேட்பதற்கு எதற்குக் கணக்கு?

மூட் இமேஜை எஸ்டி கார்டில் எழுதுவது தெரிந்ததுதான். பை இமேஜர் என்ற மென்பொருளில் எழுதுவதற்கு முன் செட்டிங்ஸில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை, நேர மண்டலம் நான்கையும் கொடுத்துவிடுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்க வேண்டும்.

வயரிங்: இரண்டு நாள் என்னைச் சுற்றவிட்ட இடம்

பைக்கும் டாக் மாட்யூலுக்கும் நடுவே ஐந்து வயர். பையில் எஸ்டி கார்டு பக்கத்து மூலையிலிருந்து ஊசிகளை எண்ண வேண்டும். போர்டின் வெளி ஓரத்து வரிசை இரட்டை எண்கள், உள்வரிசை ஒற்றை எண்கள். இரண்டாம் ஊசி 5 வோல்ட், அது மாட்யூலின் விஐஎன்னுக்கு. ஆறாவது கிரவுண்ட். பன்னிரண்டாவது ஊசி மாட்யூலின் பிசிகே காலுக்கு. முப்பத்தைந்தாவது எல்சிகேக்கு. கடைசி மூலையில் இருக்கும் நாற்பதாவது டிஐஎன்னுக்கு. மாட்யூலில் எஸ்சிகே என்று இன்னொரு கால் இருக்கும். அதற்குப் பையிலிருந்து எந்த வயரும் போகாது.

இந்தக் காலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எல்லாம் சரியாக இணைத்திருந்தேன். போன் திரையில் பாட்டு ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன, ஸ்பீக்கரில் மூச்சு இல்லை. ஆம்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கார்டை அழித்து மறுபடி எழுதினேன். இரண்டாம் நாள் ராத்திரி மாட்யூலை டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எஸ்சிகே எழுத்துக்குப் பக்கத்தில், எள்ளைவிடச் சின்னதாக இரண்டு ஈயத் திட்டுகள். நடுவில் மயிரிழை இடைவெளி.

விஷயம் இதுதான். இந்த டாக் சிப்புக்கு ஒரு தாய்க் கடிகாரத் துடிப்பு வேண்டும். பை அதைக் கொடுக்காது. எஸ்சிகே காலைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால், வெளியிலிருந்து கடிகாரம் வராது என்று சிப் புரிந்துகொண்டு, பிசிகே துடிப்பிலிருந்து தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சேர்க்காமல் தொங்கவிட்டால் அது வராத கடிகாரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு திட்டுகளையும் ஒரு சொட்டு ஈயத்தால் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். சால்டரிங் பழக்கம் இல்லை என்றால் எஸ்சிகே காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு துண்டு வயர் போட்டாலும் அதே பலன்.

மாட்யூலைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். நான்கு இடங்களில் மூன்று மூன்று திட்டுகள் இருக்கும், ஒரு பக்கம் எச், மறுபக்கம் எல் என்று போட்டிருக்கும். ஒன்று, இரண்டு, நான்கு எல் பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் எச் பக்கம். மூன்றாவதுதான் வாயடைக்கும் கால். அது எல் பக்கம் போனால் சிப் ஊமையாகிவிடும். சில மாட்யூல்கள் ஒட்டியே வருகின்றன, சில வெறுமனே வருகின்றன. மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து, பவர் போடும் முன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எஸ்சிகேக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பீப் கேட்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிவிட்டு மற்றதை வாங்குங்கள்.

இன்னொன்று. சொருகும் ஜம்பர் வயர்கள் சோதனைக்கு மட்டும். நான் அதையே விட்டுவைத்தேன். ஐப்பசி அடைமழையில் வீடே ஈரம் கோத்துக் கிடந்தபோது, பாட்டுக்கு நடுவே சர்ரென்று மணலைக் கொட்டுவது போன்ற சத்தம் வரத் தொடங்கியது. பிசிகே வயரை விரலால் அழுத்தினால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது. வயரை உருவிப் பார்த்தால் முனை கறுத்திருந்தது. எல்லாவற்றையும் சால்டர் செய்தபின் அந்தச் சத்தம் திரும்பி வரவில்லை. வயர் விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம்.

செட்டிங்ஸ்

பவர் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து போன் பிரௌசரில் மூட் என்ற பெயருடன் புள்ளி லோக்கல் என்று ஆங்கிலத்தில் (moode.local) அடித்தால் பக்கம் திறக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்காது. அப்போது ரூட்டர் பக்கத்துக்குள் போய்ப் பைக்கு என்ன எண் கொடுத்திருக்கிறது என்று பார்த்து அந்த எண்ணையே அடியுங்கள். அப்படியே அந்த எண்ணை அதற்கென்று ஒதுக்கியும் விடுங்கள்; இல்லாவிட்டால் மின்வெட்டுக்குப் பிறகு எண் மாறிப்போகும்.

கான்ஃபிகர், அதில் ஆடியோ. ஐ2எஸ் (நாம் போட்ட வயர்களில் ஒலி போகும் முறை) டிவைஸ் பட்டியலில் ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நம்முடையது அந்த கம்பெனிப் பொருள் இல்லைதான், ஆனால் சிப் ஒரே இனம், அதே டிரைவர் ஓடும். வால்யூம் வகையை சாஃப்ட்வேர் என்று வையுங்கள். இந்த சிப்புக்குள் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. ஆம்பிலேயே குறைத்துக்கொள்வேன் என்பவர்கள் ஃபிக்ஸ்டு வைக்கலாம். ஆனால் அப்போது முழு ஒலி பாயும். ஆம்பைக் குறைத்துவிட்டு முதல் பாட்டைப் போடுங்கள்.

பாட்டுகளைப் பென்டிரைவில் போட்டுச் சொருகி, லைப்ரரி அப்டேட் கொடுத்தால் வந்துவிடும்.

கேசட் பாட்டுகளுக்கு மட்டும் சில வார்த்தைகள்

ஆடாசிட்டி என்ற மென்பொருளில் கேசட்டைப் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் ஆறு டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். நாயனம் திடீரென்று மேலே பாயும்; ஒரு தடவை முனை வெட்டுப்பட்டால் பிறகு சரிசெய்ய முடியாது. ஃபிளாக்காகச் சேமியுங்கள். அறுபது நிமிடக் கேசட் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் அப்படியே எடுத்தால் சுமார் 635 மெகாபைட். ஃபிளாக் ஆக்கினால் ஒலி ஒரு துளியும் குறையாமல் நன்றாகவே சுருங்கும்.

நீண்ட ராகத்தைத் துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மௌனம் வரக்கூடாது. எம்பிடி ஃபிளாக்கை இடைவெளி இல்லாமல் ஓட்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தலாம், ராக ஆலாபனையில் ஒரு பிடியின் மேல் இன்னொரு பிடி ஏறி உட்காரும்.

அடுத்து டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள் எழுதும் பெயர் விவரம். கச்சேரிப் பதிவு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இங்கே தடுமாறுவார்கள். ஒரு பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர் பெயர், தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கக்காரர் பெயர் என்று போட்டால் ஒரே கச்சேரி லைப்ரரியில் நாலு ஆல்பமாகச் சிதறிவிடும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. அதில் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே பெயரைப் போடுங்கள், சேர்ந்துவிடும். ராகத்தை, பாட்டு வகையைக் குறிக்கும் ஷான்ரா இடத்தில் போடுகிறேன். தோடி என்று தட்டினால் வீட்டில் இருக்கும் தோடி அத்தனையும் வந்து நிற்கும். அப்பாவுக்கு இந்த வசதிதான் மிகவும் பிடித்திருக்கிறது.

டேக் வேலைக்கு நான் சொல்வது கிட்3 என்ற மென்பொருள். பிக்கார்டு நல்ல மென்பொருள்தான், ஆனால் அது வெளியான ஆல்பங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கானது. நாம் தெருவில் நின்று பதிவு செய்ததை அது எங்கே தேடும்? பழைய டிஸ்கி எழுத்தில் டேக் போட்ட எம்பி3கள் இருந்தால் திரையில் கிறுக்கலாக வரும். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்துவிடுங்கள்.

உம்மென்று ஒரு சத்தம்

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் உம்மென்று கேட்டால், டாக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளை ஆம்ப் பக்கம் உருவிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. ஆம்பையும் பை அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தது, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சத்தம் முழுதாக அடங்கியது. பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கால் இருப்பது உயிரைக் காக்க.

பாட்டு விட்டுவிட்டு வந்தால், அடாப்டருக்கு அடுத்த சந்தேகம் வைஃபை. எங்கள் வீட்டில் ரூட்டர் திண்ணை அறையில், பெட்டி முற்றத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒன்றரை அடிச் சுவர். உத்தரத்தை ஒட்டி லேன் கேபிள் இழுத்தேன். ஒரு நாள் வேலை, பிறகு கவலையே இல்லை.

பின்சேர்க்கை 1

மன்னார்குடி வாசகர் ஒருவர், பாட்டெல்லாம் விண்டோஸ் லேப்டாப்பில் இருக்கிறது, அதை மூட் ஏற்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். இதற்குப் பயன்படும் முறையின் பெயர் சம்பா. நம் பக்கத்தில் சம்பா என்றால் நெல். இங்கே அது கோப்புப் பகிர்வு. அவர் பாஸ்வேர்டு இடத்தில் லேப்டாப் திறக்கும் நான்கு இலக்கப் பின்னைக் கொடுத்திருக்கிறார். பின் நெட்வொர்க்கில் செல்லாது. லேப்டாப்பில் பாட்டுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, பாட்டு ஃபோல்டரை அந்தப் பயனருக்குப் பகிரச் சொன்னேன். வேலை செய்தது.

பின்சேர்க்கை 2

மூட்டில் கிளாக் ரேடியோ என்று ஒன்று உண்டு. காலை ஐந்து மணிக்கு மல்லாரி தொடங்கும்படி வைத்திருந்தேன். ராத்திரி மின்வெட்டு வந்த நாட்களில் மட்டும் காலையில் பாடாது. வேறு இருவருக்கும் இதே சிக்கல் என்று எழுதியபிறகு உட்கார்ந்து தேடினேன். பை 3பியில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். பை எழுந்த நேரத்தில் இணையம் இல்லையென்றால், இணையம் வரும்வரை அது பழைய மணியிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும். இணையப் பெட்டிக்கு ஒன்று, பைக்கு ஒன்று என இரண்டு சின்ன யூபிஎஸ் வைத்தேன். பைக்கானது 5 வோல்ட் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரூட்டருக்கு விற்பவற்றில் பல 12 வோல்ட், அதைச் சொருகினால் போர்டு கருகிவிடும். எல்லாம் ஓடத் தொடங்கியதும் எஸ்டி கார்டை அப்படியே ஒரு இமேஜாக நகல் எடுத்து வைத்துவிடுங்கள். திடீர் மின்வெட்டில் எழுதிக்கொண்டிருக்கும் கார்டு கெடக்கூடும்.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஐந்து மணிக்குத் தவில் விழுகிறது, அப்பா விளக்கைப் போடாமல் ஊஞ்சலில் வந்து உட்காருகிறார்.