மோங்கோடிபிக்கு எந்த லைப்ரரி? அது அனுப்பும் குவரியை முதலில் பாருங்கள்

மோங்கோடிபி என்ற டேட்டாபேஸை வைத்துப் புது புராஜெக்ட் தொடங்கினால் டீமில் யாராவது ஒருவர் "மங்கூஸ் போட்டுடலாமா?" என்று கேட்பார். நான் உடனே தலையாட்டுவதில்லை.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலிருந்து மோங்கோடிபியிடம் பேச முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, மோங்கோடிபி நிறுவனமே தரும் டிரைவர், அதாவது கோடை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி. மற்றது, அந்த டிரைவரின் மேல் கட்டிய மங்கூஸ். ஸ்கீமா (ஆவணத்தில் என்னென்ன ஃபீல்ட் இருக்கும் என்ற வரையறை), வேலிடேஷன் (தரவு சரியா என்ற சோதனை), பாப்புலேட் (தொடர்புடைய வேறு ஆவணத்தை எடுத்து இணைப்பது) எல்லாம் அதில் தயாராகக் கிடைக்கும். ஆனால் நீங்கள் எழுதிய ஃபில்டர், அதாவது எந்த ஆவணங்கள் வேண்டும் என்ற நிபந்தனை, அப்படியே சர்வருக்குப் போகும் என்று நம்பிவிடாதீர்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்களிடம் மங்கூஸ் 6 இருந்தது. ரத்தான ஆர்டர்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபில்டருக்குப் பொருந்தும் ஆவணங்களை எல்லாம் அழிக்கும் டெலீட்மெனிக்குள் 'ஸ்டேட்டஸ்' ஃபீல்டின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. அந்த வெர்ஷனில் ஸ்ட்ரிக்ட்குவரி தானாகவே ஆனில் இருக்கும். ஸ்கீமாவில் இல்லாத ஃபீல்டை ஃபில்டரிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடும். மிஞ்சியது காலியான ஃபில்டர். அதாவது, கலெக்ஷன் (ஆவணங்களின் தொகுப்பு) மொத்தமும் காலி! டெஸ்ட் டேட்டாபேஸ் என்பதால் தப்பித்தோம். டிரைவரில் இதே பிழை நடந்திருந்தால் ஃபில்டர் அப்படியே போயிருக்கும், ஒரு ஆவணமும் அழிந்திருக்காது. மங்கூஸ் 7-ல் அந்த செட்டிங்கை ஆஃப் ஆக்கிவிட்டார்கள். பழைய கோடை கையில் வாங்குபவர்கள் வெர்ஷன் எண்ணை முதலில் பாருங்கள்.

அதற்குப் பிறகு நான் தேர்வு செய்யும் விதமே மாறிவிட்டது. ஆப்பில் அடிக்கடி ஓடப்போகிற ஐந்து குவரிகளைத் தாளில் எழுதுவேன். மங்கூஸில், அனுப்பும் குவரியைக் காட்டும் டீபக்கை ஆன் செய்து ஒவ்வொன்றாக ஓட்டுவேன். பாப்புலேட் போட்ட இடத்தில் இரண்டாவது குவரி ஒன்று தனியாகப் போவது அங்கே கண்ணில் படும். டிரைவரில் லுக்அப் எழுதினால் இணைக்கும் வேலையை சர்வரே செய்துவிடும். படித்துக் காட்ட மட்டும் என்றால் மங்கூஸில் லீன் சேருங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் மங்கூஸ் ஆப்ஜெக்டாக மாற்றும் சுமை குறையும்.

பல பேர் கை வைக்கும் கோடு, ஃபார்மிலிருந்து வரும் தரவு என்றால் மங்கூஸ் நல்லது. ரிப்போர்ட், அக்ரிகேஷன் (தொகுத்துக் கணக்கிடுவது), மொத்தமாகத் தரவு ஏற்றுவது என்றால் டிரைவர். ஒரே ஆப்பில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மாடலின் கலெக்ஷன் வழியாக டிரைவரை நேரடியாகவே தொடலாம்.

பைத்தானில் எழுதினால் டிரைவர் பைமோங்கோ. அசிங்க் (பதிலுக்குக் காத்து நிற்காமல் மற்ற வேலையைத் தொடர்வது) வேண்டுமென்று, அதற்காக இருந்த மோட்டார் என்ற டிரைவரைத் தேடாதீர்கள். 2025 மே மாதத்தில் அதை ஓய்வுப் பாதையில் வைத்துவிட்டார்கள். பைமோங்கோவிலேயே அசிங்க் வசதி வந்துவிட்டது. 'பிசான்' என்ற பேக்கேஜைத் தனியாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம், பைமோங்கோவோடு வருவதோடு அது மோதும்.

எதை எடுத்தாலும் ஆப் முழுக்க ஒரே கிளையன்ட் (டேட்டாபேஸோடு கனெக்ஷன்களைத் திறந்து வைக்கும் ஆப்ஜெக்ட்) போதும். ரிக்வெஸ்டுக்கு ஒன்று திறந்தால் கனெக்ஷன்கள் குவியும். மேஜர் வெர்ஷனைப் பூட்டி வையுங்கள். வெர்ஷனை ஏற்றுகிற நாளில் அதே ஐந்து குவரிகளை டீபக் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.