கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?

குழுவில் உள்ள பெண்கள் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை என்று குறைப்படும் மேலாளர், அடுத்து ஏற்பாடு செய்வது பெரும்பாலும் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பைத்தான். முதல் தவறே அதுதான். அவர்களிடம் என்ன குறை என்று தேடுவதற்கு முன்னால், வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள்.

கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது, புதிதாக வந்தவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பது. யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் பதவி உயர்வு சமயத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு, இப்படிப்பட்ட வேலைக்கு யார் முன்வருகிறார்கள் என்று சோதித்தது. மூன்று பேர் கொண்ட குழு, 2 நிமிட அவகாசம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துபவருக்கு மற்றவர்களைவிடக் குறைவான பணம். யாருமே அழுத்தாவிட்டால் எல்லாருக்கும் நஷ்டம். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். சரி, ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில்? பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் நடந்த அளவுக்கு அங்கேயும் பொத்தான் அழுத்தப்பட்டது. ஆக, இது பிறவிக் குணமில்லை. பெண் ஒருத்தி இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்ற எதிர்பார்ப்புதான். பொத்தானை அழுத்தும்படி குழுவில் ஒருவரைக் கேட்கும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தபோது, கேட்டவர் ஆணோ பெண்ணோ, பெண்களைத்தான் அதிகம் கேட்டார்கள்.

அதனால் 'யார் செய்கிறீர்கள்?' என்று பொதுவில் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர். 'உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும்' என்று சொல்லி நோட்டை நீட்டுவது பாராட்டில் சேராது.

அப்புறம், கருணையால் செய்யும் தவறு. மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, 'பாவம், கைக்குழந்தை இருக்கிறது' என்று வெளியூர்ப் பயணத்தையும் முக்கியமான வாடிக்கையாளரையும் வேறொருவருக்கு மாற்றிவிடுவது. புதிதாக அப்பா ஆனவருக்கு இந்தப் பரிவு கிடைப்பதில்லை. 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஒரே தொழிலில் உள்ள ஆண், பெண் ஊதிய இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகே உருவாகிறது என்று காட்டினார். எந்நேரமும் கூப்பிட்டால் வருபவருக்கே சம்பளத்தை அள்ளிக்கொடுக்கும் வேலைகளை அவர் முக்கியக் காரணமாகச் சொல்கிறார். எனவே அந்தப் பயணம் வேண்டுமா என்று விடுப்பு முடிந்து வந்தவரிடமே கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றாலும் 6 மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் தன்னுடையதுபோல் சொன்னால், அது யார் சொன்னது என்று அங்கேயே குறிப்பிடுங்கள். தனியாக வந்து ஆறுதல் சொல்வதால் பயனில்லை.

துன்புறுத்தல் புகார் வரும்போது, 'அது ஆபீசுக்கு வெளியே நடந்தது' என்று ஒதுக்குவதும் தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்ற 190-ஆவது உடன்படிக்கை அலுவல் பயணம், பயிற்சி, விருந்து, கைபேசிச் செய்தி எல்லாவற்றையும் பணியிடத் துன்புறுத்தலின் வரம்புக்குள் சேர்க்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேலாளர் அனுப்பும் 'தூங்கிட்டீங்களா?' என்ற செய்தியும் அதற்குள் வரலாம்.