கொழும்பில் சொந்தப் பாட்டோடு மேடை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினிமாப் பாட்டை நம்பாமல் சொந்தப் பாட்டை மட்டும் வைத்துக் கொழும்பில் ஒரு தமிழ் பாண்ட் நிகழ்ச்சி செய்தால், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே தெரிந்த முகங்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் தங்களோடு கூட்டிக்கொண்டு வரும் நாலைந்து புதுப்பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் முக்கியம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, பாட்டில் ஒரு சொல்லும் விளங்காமல், கடைசியில் பஸ்ஸும் கிடைக்காமல் வீட்டுக்குப் போன ஒருவர் இனி உங்கள் நிகழ்ச்சிக்கும் வரமாட்டார், வேறொருவர் நடத்தும் நிகழ்ச்சிக்கும் வரமாட்டார். இந்த ஊரில் நம் எல்லோருக்கும் இருப்பது ஒரே சபைதான், ஒருவர் அதைக் கெடுத்தால் எல்லோருக்கும் கெடும். நன்றாக எழுதுகிற, நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிகள் படுத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டுக்கு வெளியே நடக்கும் தவறுகள்.

திகதியில் தொடங்குவோம். மண்டபம் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அதற்கே முற்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், போயா நாளா என்றுகூடப் பார்ப்பதில்லை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை, அன்று மதுபானம் விற்கத் தடை, அதனால் பார் வருமானத்தை நம்பி இடம் தருகிறவர்கள் அன்று கதவைத் திறக்க யோசிப்பார்கள். வெசாக் என்றால் அந்த நாட்களில் நகரமே வேறு அலுவலில் இருக்கும். தமிழ்ச் சனத்தை எதிர்பார்க்கிறவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவையும் பார்க்க வேண்டும். அந்த 25 நாள் திருவிழாவின் கடைசிக் கிழமையில், தேர், தீர்த்தம் என்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நிறையப் பேர் யாழ்ப்பாணத்துக்குப் போயிருப்பார்கள். ஏஎல் பரீட்சை நடக்கும் வாரங்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை எதிர்பார்க்கவே கூடாது. திறந்த வெளியில் செய்வதென்றால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை இருக்கிறது, கூரை இல்லாமல் அந்த மாதங்களில் மிக்ஸரை வெளியே வைக்காதீர்கள். இதையெல்லாம்விட மோசமான தவறு, ஒரே இரவில் இரண்டு சின்ன நிகழ்ச்சிகள் வைப்பது. வேறு யாராவது அன்றைக்கு ஏதும் செய்கிறார்களா என்று நாலு பேருக்கு போன் எடுத்துக் கேட்க எத்தனை நிமிடம் போகும்?

அப்புறம் நேரம். 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. விசேஷ நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் சின்ன நிகழ்ச்சிக்காரர் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. போஸ்டரில் ஆறு மணி என்று அடித்துவிட்டு ஏழேமுக்காலுக்கு முதல் குழுவை ஏற்றினால், கடைசியாகப் பாட இருப்பவர்கள், பெரும்பாலும் சனம் யாருக்காக வந்ததோ அவர்கள், மூன்று பாட்டோடு இறங்க வேண்டிவரும். பத்து மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒன்பதரைக்கு முடிய வேண்டும், ஒவ்வொரு குழு மாறவும் பதினைந்து நிமிடம் போகும், அப்படியானால் நாலு குழுவுக்கு மேல் வேண்டாம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் இரவானால் குறைந்துவிடும். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கதவு பூட்டும் நேரம் இருக்கிறது, வத்தளையிலிருந்து வருகிறவர் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு டிக்கெட் விலையைத் தாண்டும். நிகழ்ச்சி முடியும் நேரத்தைப் போஸ்டரில் போட்டு அந்த நேரத்துக்கே முடித்துப் பாருங்கள், பெண்கள் வருவது கூடும். ஏன் நம் நிகழ்ச்சிகளுக்கு ஆண்பிள்ளைகள் மட்டுமே வருகிறார்கள் என்று கேட்கிறவர்கள் இங்கிருந்து யோசிக்கத் தொடங்கலாம்.

இனி சவுண்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றத் தவறுகளைச் சனம் பொறுத்துக்கொள்ளும், இதைப் பொறுக்காது. எல்ஈடி திரைக்கும் லைட்டுக்கும் புகை மெஷினுக்கும் தாராளமாக ஒதுக்கிவிட்டு, சவுண்டுக்கு மட்டும் 'தெரிந்த அண்ணா ஒருவர் இருக்கிறார், குறைத்துத் தருவார்' என்று விடுகிறார்கள். அந்த அண்ணா கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் செட் கொடுக்கிறவர், தன் வேலையில் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்ட், இரண்டு குரல் எல்லாம் ஒன்றாக வரும்போது எதை மேலே தூக்குவது எதை இறக்குவது என்பது வேறு வேலை. என்னென்ன வாத்தியம், எத்தனை மைக் என்று சொல்லும் ஒரு இன்புட் லிஸ்ட்கூடக் கொடுக்காமல் அன்று பின்னேரம் வந்து 'அண்ணா, இன்னும் மூன்று மைக் வேணும்' என்று கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம். யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், கிட்டார், கீபோர்ட்டை நேரே மிக்ஸருக்கு இணைக்கும் டிஐ பாக்ஸ் எத்தனை, தன் சத்தத்தைத் தானே கேட்க மேடையில் வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர் யாருக்குத் தேவை என்று ஒரு தாளில் எழுதி ஒரு வாரத்துக்கு முன்னே அனுப்புங்கள், உங்கள் பாட்டுகளையும் கூடவே அனுப்புங்கள். ஒரு முறையாவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் எந்த இடத்தில் குரல் முன்னுக்கு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நமக்குக் கட்டுப்படியாகும் மண்டபங்கள் பலவும் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் கட்டியவை, பளபளப்பான தரை, வெறும் சுவர். அங்கே சத்தத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலிதான் கூடும், சொல் கரைந்துவிடும். ஸ்பீக்கர்களைச் சனத்தை நோக்கிச் சரித்து வையுங்கள், பின்சுவரில் தடித்த சீலை ஏதாவது தொங்கவிடுங்கள், மொத்தச் சத்தத்தைக் குறையுங்கள். வெறும் மண்டபத்தில் சரிபார்த்த சத்தம் சனம் நிறைந்த பிறகு அப்படியே இருக்காது, ஆட்களும் உடுப்பும் கூர்மையான சத்தத்தை உறிஞ்சும், அதனால் முதல் பாட்டுக்குப் பிறகு திருத்த இரண்டு நிமிடம் விடுங்கள். லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இழுத்தால் கிட்டாரில் இரைச்சல் ஏறும், தனித்தனி லைன் உண்டா என்று மண்டபம் பார்க்கப் போகும்போதே கேளுங்கள்.

ராப் பாடுகிற தம்பிகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள். அந்த மைக் முன்னால் வரும் சத்தத்தை எடுத்து, பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளுவதற்காகச் செய்தது. பொத்தினால் அந்த வேலை கெட்டு மொனிட்டரின் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும், மைக் கூவும், குரல் மூக்கடைத்தது மாதிரிக் கேட்கும். ராப்பில் சொல் போனால் என்ன மிச்சம்? அதேபோல் பறை, தப்பு என்ற தோல் வாத்தியங்கள் மேடைக்கு வருவது இப்போது கூடியிருக்கிறது, மலையகத்துப் பிள்ளைகள் தப்பை எடுத்து வந்து கிட்டாரோடு சேர்ப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், வாசிக்குமுன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். மண்டபக்காரரிடம் முன்கூட்டிக் கேட்டு வெளியே ஒரு மூலை ஒதுக்கி வைக்காவிட்டால், வாசலில் காவலாளியோடு வாக்குவாதம் நடக்கும்போது உள்ளே உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள்.

இடத்தின் அளவையும் பிழையாகத்தான் எடுக்கிறார்கள். தாமரைத் தடாக அரங்கில் 1,200 க்கும் மேலே இருக்கைகள், அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. 1953 இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு நாடகத்துக்கும் இசைக்கும் அருமையான இடம், அதற்குக்கூட முதல் நிகழ்ச்சியிலேயே போக வேண்டுமா? எண்பது பேர் வருவார்கள் என்றால் எண்பது பேர் நெருக்கியடிக்கும் அறை போதும். அலியான்ஸ் பிரான்செஸ், கெதே நிறுவனம் போன்ற கலாசார நிலையங்களிடம் போய்க் கதைக்க நம்மவர்கள் தயங்குகிறார்கள், அது ஆங்கிலக்காரரின் இடம் என்ற எண்ணம். ஜூன் 21 உலக இசை நாளையொட்டி அலியான்ஸ் கொழும்பில் நிகழ்ச்சி நடத்துவது வழக்கம், அங்கே ஒரு தமிழ்க் குழு ஏறினால் வெள்ளவத்தைக்கு ஒருநாளும் வந்திராத ஆட்கள் உங்களைக் கேட்பார்கள்.

இது மொழியைப் பற்றிய தவறோடு சேர்ந்தது. தமிழ்ப் பாட்டு என்றால் தமிழர் மட்டுமே கேட்பார்கள் என்று நாமே முடிவு கட்டிப் போஸ்டரைத் தமிழில் மட்டும் அடித்து, தமிழ் குறூப்புகளில் மட்டும் பகிர்கிறோம். 2021 இல் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு, சிங்களமே தெரியாத இந்தியாவில் எவ்வளவு தூரம் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அது முந்தின ஆண்டு சதீஷனே வெளியிட்டிருந்த பாட்டின் கவர், அதாவது ஏற்கெனவே வந்த பாட்டைத் திரும்பப் பாடியது, என்பதையும் கவனியுங்கள், அவ்வளவு பேரிடம் போனது ஒரு உள்ளூர்ப் பாட்டுத்தான். போஸ்டரை மூன்று மொழியிலும் போடுங்கள், பாட்டுக்கு முன்னால் அது எதைப் பற்றியது என்று சிங்களத்தில் இரண்டு வசனம் சொல்லுங்கள். சிங்களக் குழு ஒன்றையும் தமிழ்க் குழு ஒன்றையும் ஒரே மேடையில் ஏற்றுவது உபசாரத்துக்காக இல்லை, இரண்டு பக்கத்துச் சனமும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதற்காக.

கவர் பாடுவதே பிழை என்று சொல்லமாட்டேன். சொந்தப் பாட்டு நாலுதான் கையில் இருக்கிறது, நாற்பது நிமிடம் நிரப்ப வேண்டும், உடனே இந்தியச் சினிமாப் பாட்டுக்குப் போகிறார்கள், அதுதான் எனக்கு ஒத்துவராதது. கைதட்டு நிச்சயம் கிடைக்கும், ஆனால் சனம் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக நம் ஊர்ப் பாட்டை எடுங்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய ஈழத்துப் பொப் பாட்டுகள் இருக்கின்றன, கிரிஷான் மகேசன் கொழும்பில் தமிழ் ராப் பாடித் தொகுப்பு வெளியிட்டு இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது, இங்கே தொடங்கிய தினேஷ் கனகரத்தினம் பிறகு ஏ.ஆர். ரகுமான் இசையிலும் ராப் பாடினார். அல்லது போன மாதம் உங்களோடு மேடை ஏறிய குழுவின் பாட்டைக் கேட்டுப் பாடுங்கள். ஒரு பாட்டை இன்னொரு குழு பாடத் தொடங்கும்போதுதான் அது ஊரின் பாட்டாகிறது. சினிமா கவரை யூடியூப்பில் ஏற்றினால் இந்திய லேபிள் உரிமை கோரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் அல்லது வீடியோவை முடக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

காசு விஷயத்தில் சுருக்கமாக. நண்பர்களுக்கெல்லாம் பாஸ் கொடுக்காதீர்கள், நண்பர்கள்தான் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும், வாசலில் நின்று 'மச்சான், ஒரு பாஸ் இல்லையா' என்று கேட்பதும் நிற்க வேண்டும். வசூலை எப்படிப் பிரிப்பது என்று மண்டபத்தோடும் குழுக்களோடும் முன்னமே வாட்ஸ்அப்பிலாவது எழுதிக்கொள்ளுங்கள். டிரம்ஸ் வாசித்த பிள்ளைக்கு ஓட்டோக் காசுகூடக் கொடுக்காமல் 'நல்ல எக்ஸ்போஷர்' என்று சொல்லி அனுப்புவது வெட்கக்கேடு. டிக்கெட் விற்பதாக இருந்தால் மாநகர சபையின் களியாட்ட வரி இருக்கிறது, விற்கத் தொடங்குமுன் சபைக்குப் போய்க் கேளுங்கள், விற்ற பிறகு போனால் சிக்கல். தெகிவளையில் வைத்தால் அது வேறு மாநகர சபை. ஒலிபெருக்கி அனுமதி அந்தப் பகுதிப் பொலிஸில் எடுக்க வேண்டும், மண்டபக்காரர் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருக்காமல் தாளைக் கேட்டுக் கண்ணால் பாருங்கள்.

கேட்க வருகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. தெரிந்த குழு ஏறும்வரை வெளியே நின்று கதைத்துவிட்டு, அவர்கள் முடித்ததும் கிளம்பாதீர்கள், முதலில் பாடுகிறவர்களுக்குத்தான் ஆட்கள் அதிகம் தேவை. மெதுவான பாட்டு நடக்கும்போது விஜய் பாட்டுக் கேட்டுக் கத்துவது மேடையில் நிற்கும் பிள்ளையை எவ்வளவு உடைக்கும் என்று யோசியுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பதாக இருந்தால் காதடைப்பான் கொண்டுவாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன மேல் எல்லை சராசரி 100 டெசிபல், சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் அதை எட்டுவது லேசு. முடிந்த பிறகு பேஸ்புக்கில் 'வேற லெவல்' என்று போடுவதைவிட, எந்தப் பாட்டு பிடித்தது, எங்கே சொல் கேட்கவில்லை என்று அவர்களிடமே நேரே சொல்லுங்கள்.

கடைசியாக, பதிவு. எத்தனையோ நிகழ்ச்சிகள் நடந்தன என்பதற்குச் சாட்சியாக யாரோ ஒருவருடைய போனில் ஆடுகிற முப்பது செக்கன் வீடியோ மட்டும்தான் மிஞ்சுகிறது. மிக்ஸரிலிருந்து ஒரு நேரடிப் பதிவும், மண்டபத்தின் நடுவில் ஒரு சின்ன ரெக்கோர்டரும் வையுங்கள், இரண்டையும் பிறகு சேர்க்கலாம். 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டு எழுதி முடித்தவுடனே உரிமை உங்களுடையது, பதிய வேண்டியதில்லை, எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிற்கும். ஆனால் யார் வரி எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்று நீங்கள் எங்கும் எழுதி வைக்காவிட்டால் குழு உடையும் நாளில் அந்தப் பாட்டை யாருமே பாட முடியாமல் போய்விடும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் திகதி, இடம், பாடிய பாட்டுகளின் வரிசை, வாசித்த எல்லோருடைய பெயர், சவுண்ட் பார்த்தவர் பெயர், போஸ்டர், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். 2005 இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஒலி ஆவணங்களும் இருக்கின்றன, உங்கள் பதிவையும் பாதுகாக்க வழியுண்டா என்று அவர்களிடம் கேளுங்கள்.